கொழுப்பு மாத்திரையோடு எதைச் சேர்க்கலாம்? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் சாப்பிட்டு வருகிறேன். வெளிநாட்டிலிருக்கும் மகன் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் காப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறான். அரிசிதானே, சேர்த்துச் சாப்பிடலாமா? (பாளையங்கோட்டை)

பதில்: கூடவே கூடாது. அரிசியில் மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளர்த்துத் தயாரிக்கும் அந்தப் பொருளில் உள்ள மொனாகோலின் கே, 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்ட லோவாஸ்டாட்டினேதான். வேதி அமைப்பில் இரண்டும் ஒன்று. ஆகவே நீங்கள் கேட்பது, ஒரு ஸ்டாட்டினுக்கு (உங்கள் மாத்திரை போன்ற, கொழுப்பைக் குறைக்கும் மருந்து வகை) மேல் இன்னொரு ஸ்டாட்டினை, அதுவும் அளவு தெரியாமல் ஏற்றிக்கொள்ளலாமா என்பதுதான். அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் கலந்திருந்ததுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல், நாளொன்றுக்கு உட்கொள்ளும் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியதோடு, கொழுப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று உறையிலேயே அச்சிடவும் உத்தரவிட்டது. மகனின் அக்கறையைப் பாராட்டிவிட்டு, டப்பாவை மூடி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பம்பளிமாஸ் பழத்துக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாது என்கிறார்களே? (தென்காசி)

பதில்: உண்மைதான், ஆனால் எல்லா மாத்திரைக்கும் அல்ல. கிரேப்ஃப்ரூட்டிலும் அதன் உறவான பம்பளிமாஸிலும் உள்ள ஃபுரானோகூமரின்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால், சிம்வாஸ்டாட்டினும் ஓரளவு அட்டோர்வாஸ்டாட்டினும் இரத்தத்தில் கூடுதலாகச் சேரும். ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சாத்துக்குடியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: ரோசுவாஸ்டாட்டினோடு இரவில் இசப்கோலும், நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் போன்ற மருந்தும் குடிக்கிறேன். (அம்பாசமுத்திரம்)

பதில்: இசப்கோல் கெட்ட கொழுப்பைச் சற்றுக் குறைக்கும் என்பதால் நல்ல துணையே, நிறையத் தண்ணீரோடு, மற்ற மருந்துகளுக்கு இரண்டு மணி நேரமாவது விலக்கிக் குடியுங்கள். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த அமிலமுறிவு மருந்தை ஒரே நேரத்தில் குடித்தால் ரோசுவாஸ்டாட்டின் உடலில் ஏறும் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும்; எனவே மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்தே அதைக் குடிக்க வேண்டும்.

கேள்வி: மாத்திரை தொடங்கியதிலிருந்து தொடையில் வலி. மருந்துக்கடை அண்ணாச்சி கோஎன்சைம் க்யூ10 என்னும் துணைச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். (வள்ளியூர்)

பதில்: வலியை அது தீர்க்கும் என்பதற்கு ஆய்வுகள் ஒருமுகமான சான்று தரவில்லை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அம்மருந்தின் வேலையை அது குறைக்கவும் கூடும். முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை: சி.கே. (தசைச் சேதத்தைக் காட்டும் நொதி), தைராய்டு, வைட்டமின் டி. தைராய்டு குறைவும் வைட்டமின் டி குறைவும் ஸ்டாட்டின் எடுப்பவர்களின் தசைவலிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் கடும் வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றைய மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: உடல் எடை குறைக்கக் குடம்புளிக் காப்ஸ்யூலும், சித்த மருத்துவர் தந்த மருதம்பட்டைச் சூரணமும் சாப்பிடலாமா, டாக்டர்? (செங்கோட்டை)

பதில்: மீன்குழம்பில் போடும் குடம்புளிக்கு நான் தடை சொல்லமாட்டேன், ஆனால் அதன் சாரத்தைச் செறிவாக்கிய காப்ஸ்யூல்கள் ஈரலைப் பாதித்த நேர்வுகள் பதிவாகியிருப்பதாலும், ஸ்டாட்டினும் சிலருக்கு ஈரல் நொதிகளை உயர்த்தும் என்பதாலும், அவற்றை விட்டுவிடுங்கள். சூரணத்தைப் பொறுத்தவரை, அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் நம் பகுதியில் இரண்டு மருத்துவமும் பார்ப்பது வழக்கம்தான். ஒருவரிடம் வாங்குவதை மற்றவரிடம் மறைப்பதுதான் ஆபத்து. ஸ்டாட்டின் சீட்டைச் சித்த மருத்துவரிடமும், சூரணப் பொட்டலத்தை உங்கள் இதய மருத்துவரிடமும் காட்டி, இருவரும் அறிந்த பிறகே தொடங்குங்கள்.