சதுர அடிக் கணக்கை நம்பி டூப்ளக்ஸ் கட்டலாமா?

கேள்வி: திருச்சியில் 850 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு எங்களுடையது. 2009ல் கட்டியது. மேலே அதே அளவுக்கு மாடி எடுத்து, ஹாலிலிருந்தே படி ஏறுகிற மாதிரி டூப்ளக்ஸ் ஆக்க நினைக்கிறோம். மேஸ்திரி மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 20 லட்சத்து 40 ஆயிரம் என்கிறார். இது சரியான கணக்கா?

பதில்: பெருக்கல் சரிதான். ஆனால் அது மாடி கட்டுகிற கணக்கு. டூப்ளக்ஸில் பணத்தை விழுங்குவது கீழ் வீட்டையும் மேல் வீட்டையும் இணைக்கிற வேலை.

முதலில் உங்கள் பக்கம் பேசுவதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. 2,400 என்பது அஸ்திவாரம், பேஸ்மட்டம் எல்லாம் சேர்த்துப் புது வீட்டுக்குச் சொல்கிற ரேட். அவை இரண்டுமே செலவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. உங்கள் மாடிக்கு அந்த வேலை கிடையாது. சமையலறையும் கீழேயே இருக்கப்போகிறது. பொருளை மேலே ஏற்றுகிற கூலியைச் சேர்த்தாலும் 2,200க்கு இறங்கி வரச் சொல்லலாம்.

அடுத்தது படிக்கட்டு. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை பத்தரை அடி என்று வையுங்கள். ஏழு அங்குல உயரத்தில் 18 படி வரும். நடுவில் திரும்புகிற படியாகப் போட்டாலும் 10 அடிக்கு ஆறரை அடி இடம் வேண்டும். கீழே ஹாலில் அந்த 65 சதுர அடி போகும், மேலேயும் அதே அளவு வெறும் ஓட்டையாக நிற்கும். சண்டை வருவது இங்கேதான். அந்த ஓட்டையையும் சதுர அடியில் சேர்த்து ரேட் போட்டுவிட்டு, "படிக்கட்டு தனி சார்" என்று பிறகு ஒரு பில் வரும். 65 சதுர அடிக்கு 2,400 என்றால் 1,56,000 ரூபாய்! ஓட்டையைச் சேர்த்தால் படியும் அதற்குள் அடக்கம். படி தனி என்றால் ஓட்டையைக் கழிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை எழுதி வாங்குங்கள்.

ஓட்டை போடுவதும் சாதாரண வேலை இல்லை. தளத்தை உடைத்தால் உள்ளே ஓடுகிற கம்பி அறுபடும். உடைப்பதற்கு முன்பே கீழே முட்டுக் கொடுத்து, விளிம்பைத் தாங்க பீம் போட வேண்டும். எங்கே உடைக்கலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல. அந்த இன்ஜினியரையே ஒரு பில்லர் ஓரம் தோண்டிப் பார்த்து, அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்றும் சொல்லச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் நீட்டி விட்ட பில்லர் கம்பிகள் இத்தனை வருட மழையில் துருப்பிடித்திருந்தால் அதற்கும் வழி கேளுங்கள். இதற்குக் கொடுக்கும் ஃபீஸில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இனி என் உத்தேசக் கணக்கு. ஓட்டையைக் கழித்த 785 சதுர அடிக்கு 2,200 வீதம் 17,27,000. தளம் உடைப்பு, பீம், படி, கிரானைட், கைப்பிடி எல்லாம் சேர்த்து 2 லட்சம். மொட்டைமாடியின் தட்டோட்டையும் அதற்கடியில் உள்ள சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்து டிராக்டரில் அள்ளிப் போக 40,000. அதை அப்படியே விட்டு மேலே டைல்ஸ் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வீண் பாரம். தண்ணீர் டேங்கை மேலே மாற்ற, ஒயரிங் இழுக்க, மின் இணைப்பைத் திரீ ஃபேஸ் ஆக்க 60,000. கீழ் வீட்டில் பெயின்ட், உடைந்த டைல்ஸ், விரிசல் என்று ஒன்றேகால் லட்சம். பழைய டைல்ஸ் டிசைன் கடையில் கிடைக்காது, ஹால் முழுக்க மாற்ற வேண்டி வரலாம். எல்லாம் கூட்டினால் 21 லட்சத்து 52 ஆயிரம். கையிருப்பாகப் பத்து சதவீதம் சேர்த்தால் 24 லட்சத்துக்குப் பக்கம். பிளான் அப்ரூவல் கட்டணமும் சில மாத வெளி வாடகையும் இதில் இல்லை. மேஸ்திரி ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், 18 சதவீதம் ரேட்டுக்குள்ளேயா வெளியேயா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மொட்டைமாடிக்கு ஏற்கெனவே வெளிப்படி இருக்கிறதா? அது ஹால் சுவரை ஒட்டியிருந்தால், சுவரில் ஒரு கதவு வைத்துப் படியை மூடிக்கொள்ளலாம். தளத்தை உடைக்கவே வேண்டாம். ஆனால் படி நிற்பது சட்டப்படி காலியாக விட வேண்டிய பக்கத்து இடம் என்றால் மூட அனுமதி கிடைக்காது, முதலில் அதை விசாரியுங்கள்.

கேள்வி: இரும்பு சுருள் படி வைத்தால் மிச்சமாகுமே?

பதில்: ஆகும். ஐந்தடி வட்டத்தில் முடிந்துவிடும். ஆனால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மாடியை மறந்துவிட வேண்டியதுதான். கட்டிலும் பீரோவும் அதில் ஏறாது, பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் தூக்க வேண்டும்.