கேள்வி–பதில்: பேனக் ரொட்டியும் பாட்டியின் கையளவும்

சென்ற இதழில் கனடாவின் பூர்வகுடி மக்கள் சுடும் பேனக் ரொட்டியைப் பற்றி நான்கு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் இந்த முறை பகுதி முழுவதும் பேனக்குக்கே. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

என் மகளின் பள்ளிக்கு ஒரு கிரீ இனப் பாட்டி வந்து பிள்ளைகளுக்கு பேனக் சுட்டுக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து வீட்டிலும் அதேபோல் வேண்டும் என்கிறாள். எப்படிச் செய்வது?
– வாசகி, வினிபெக்

முதலில் ஒன்று, பேனக்குக்கு ‘இதுதான் சரியான அளவு’ என்று எதுவும் கிடையாது, ஒரே வீட்டில் அக்கா சுடுவது ஒரு மாதிரி இருக்கும், தங்கை சுடுவது வேறு மாதிரி இருக்கும். நான் தருவது எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு கிரீ பாட்டி வீட்டு முறை, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மைதா 3 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கடையில் லார்ட் என்று கட்டியாக விற்கும் பன்றிக்கொழுப்பு கால் கப், தண்ணீர் 1 கப்பிலிருந்து ஒன்றேகால் கப் வரை. அவ்வளவுதான். மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் கையால் கலந்துவிட்டு, கொழுப்பைப் போட்டு விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து, மாவு உதிரி உதிரியாக வரும்வரை விடாதீர்கள். அப்புறம் நடுவில் ஒரு குழி செய்து தண்ணீரை ஊற்றி, ஓரத்திலிருந்து மாவை உள்ளே இழுத்துச் சேர்க்க வேண்டும். இந்தக் குழி செய்வதில் ஒரு கதை இருக்கிறது. காட்டில் பொறி வைத்து வேட்டையாடப் போகிறவர்கள் பாத்திரமே எடுத்துப் போகாமல், மாவு மூட்டையின் வாயைத் திறந்து, மேலாகக் குழி பறித்து, அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கிளறுவார்கள். தண்ணீர் பிடித்த அளவு மாவு மட்டும் உருண்டையாகத் திரண்டு வெளியே வரும், மீதி மூட்டையில் காய்ந்த மாவாகவே இருக்கும். பாட்டிகள் கிண்ணத்தில் செய்யும்போதும் அந்தக் கைவாகுதான்.

மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். இறுக்கிப் பிசையும் பழக்கத்தை இங்கே விட வேண்டும், ஏழெட்டு முறை மடித்து அழுத்தினால் போதும். 2 அல்லது 3 சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி, முள்கரண்டியால் மேலே குத்தி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் அடிப்பக்கமும் பொன்னிறமாகும்வரை, ஏறத்தாழ 25–30 நிமிடம். வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறுமையாக இருப்பது போன்ற சத்தம் வர வேண்டும். கத்தி வேண்டாம், கையாலேயே பிய்த்துச் சாப்பிடுங்கள். வெண்ணெய், புளூபெரி ஜாம், மூஸ் என்கிற பெரிய மானின் இறைச்சிக் குழம்பு, எதுவும் இல்லையென்றால் சூடான தேநீர், எல்லாவற்றோடும் சேரும்.

மகளுக்கு இன்னும் பிடிக்கும் முறை குச்சியில் சுடுவது. கட்டைவிரல் தடிமன் உள்ள பச்சை வில்லோ குச்சியின் பட்டையை உரித்து, மாவைக் கயிறுபோல் உருட்டிச் சுற்றி, கொழுந்துவிட்டு எரியும் தீயில் இல்லாமல் கனலுக்கு மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். இதற்கு மட்டும் மாவு கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். வெந்துவிட்டால் குச்சியிலிருந்து தானாகக் கழன்று வரும், ஒட்டிக்கொண்டால் இன்னும் வேகவில்லை.

எத்தனை முறை செய்தாலும் கல் மாதிரி வருகிறது. என்ன தவறு?
– வாசகர், ரெஜைனா

மூன்றில் ஒன்றாக இருக்கும். அதிகம் பிசைகிறீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் பழையது, அல்லது தண்ணீர் ஊற்றிய பிறகு மாவை நெடுநேரம் காத்திருக்க வைக்கிறீர்கள். கோதுமை மாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய இழுவையாகிவிடும், ஈஸ்ட் போட்ட ரொட்டிக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம். கொழுப்பை முதலிலேயே மாவில் தேய்ப்பதும் இதற்காகத்தான், கொழுப்பு பூசிய மாவில் அந்த இழுவை குறைவாகத்தான் பிடிக்கும். பேக்கிங் பவுடர் நனைந்த உடனே ஒருமுறை பொங்கும், சூட்டில் மறுபடி பொங்கும், நீங்கள் தொலைபேசியில் பேசிவிட்டு வருவதற்குள் முதல் பொங்கல் போய்விடும். டப்பாவில் இருப்பது நல்லதா என்று பார்க்க வெந்நீரில் ஒரு சிட்டிகை போடுங்கள், நுரைக்காவிட்டால் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஓவன் நன்றாகச் சூடேறும் முன் தண்ணீரைத் தொடாதீர்கள்.

நாங்கள் சைவம். லார்டுக்குப் பதில் என்ன போடலாம்?
– வாசகி, பிராம்ப்டன்

வெஜிடபிள் ஷார்ட்டனிங், வெண்ணெய், எண்ணெய் எதுவானாலும் சரி. பல பூர்வகுடி வீடுகளிலேயே இப்போது எண்ணெயில்தான் செய்கிறார்கள். லார்டு வருவதற்கு முன் கரடிக் கொழுப்பும் மூஸ் கொழுப்பும் சேர்த்தார்கள், கையில் இருப்பதைப் போடுவதுதான் இதன் வழக்கம். எண்ணெயானால் கால் கப்புக்கும் சற்றுக் குறைவாக, தண்ணீரோடு சேர்த்தே ஊற்றுங்கள்.

பேனக் ஸ்காட்லாந்து ரொட்டி என்று படித்தேன். அப்படியானால் அதைப் பூர்வகுடி உணவு என்று சொல்வது சரியா?
– வாசகர், டொராண்டோ

ஸ்காட்லாந்தில் ஓட்ஸிலும் பார்லியிலும் தட்டி, தட்டையான கல்லில் சுட்ட ரொட்டிக்கு அந்தப் பெயர் உண்டு, உண்மைதான். 1670-ல் தொடங்கிய, விலங்குத்தோல் வாணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி தன் கிடங்குகளில் வேலைக்கு ஏராளமான ஆட்களை ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளிலிருந்தும் மற்றப் பகுதிகளிலிருந்தும் கொண்டுவந்தது, அவர்களோடு மாவும் பெயரும் வந்தன. ஆனால் அதற்கு முன் இந்த மண்ணில் ரொட்டியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் காமாஸ் கிழங்கை மண்குழியில் சூடான கற்களோடு மூடி, ஒரு நாளுக்கும் மேலாக வேகவைத்து, அது இனிப்பான பிறகு அழுத்தி அடையாக்கிக் காயவைப்பார்கள். அங்கேயே கடற்கரையை விட்டுத் தள்ளிய உட்பகுதியில் மரத்தில் தொங்கும் கருப்புப் பாசியை இதே மாதிரி குழியில் வேகவைத்து அடை செய்தார்கள். ஹோடெனோஷோனி மக்கள் சோளத்தைச் சாம்பல் நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி இடித்து, அவரை சேர்த்து ரொட்டி பிடித்துக் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். மாவை அடையாகத் தட்டும் கை இங்கே ஏற்கெனவே இருந்தது, கோதுமை மாவுதான் புதிது.

அந்த மாவு எப்படி அன்றாட உணவாயிற்று என்பதுதான் வலிக்கிற பகுதி. 1870-களின் முடிவுக்குள் கனடாவின் மேற்குச் சமவெளியில் காட்டெருமை மந்தைகள் இல்லாமல் போய்விட்டன, உணவும் உடையும் கூடாரமும் அதிலிருந்தே கிடைத்த மக்கள் பட்டினிக்கு வந்தார்கள். 1876-ல் அரசோடு கையெழுத்தான ஆறாம் ஒப்பந்தத்தில், பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தால் அரசு உதவ வேண்டும் என்று கிரீ தலைவர்கள் கேட்டு வாங்கிய வாசகம் இருக்கிறது. பஞ்சம் வந்தபோது அரசு கொடுத்தது மாவும் பன்றி இறைச்சியும்தான், அதையும் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலமான ரிசர்வுக்குள் போனால்தான் உண்டு என்று நிறுத்தி நிறுத்திக் கொடுத்தது. எல்லைக்குத் தெற்கே நவஹோ மக்களும் 1864-ல் ஊரைவிட்டு நடத்திச் செல்லப்பட்டு போஸ்க் ரெடோண்டோவில் அடைக்கப்பட்டபோது கிடைத்த ரேஷன் மாவிலிருந்துதான் தங்கள் பொரித்த ரொட்டி வந்தது என்று சொல்கிறார்கள்.

ஆக, இந்த ரொட்டியை வேண்டாம் என்று ஒதுக்கும் பூர்வகுடி சமையல்காரர்களும் இருக்கிறார்கள், இது எங்கள் பாட்டியின் சமையல் என்று நெஞ்சோடு அணைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் நூறு ஆண்டுக்கும் மேலாக இழவு வீட்டிலும் விருந்திலும் வேட்டைக் கூடாரத்திலும் பகிர்ந்து சாப்பிட்ட ஒன்றை, பெயர் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அவர்களுடையது இல்லை என்று வெளியாள் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. மேட்டி மக்கள் இதை கலேட் என்கிறார்கள், மிக்மா மக்கள் லுஸ்கினிகன் என்கிறார்கள், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சமையலறை இருக்கிறது.

நான் நர்ஸ். என்னிடம் வரும் பூர்வகுடி நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோய். பேனக்கை நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகி, எட்மன்டன்

நிறுத்து என்ற வார்த்தையோடு தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டில் என்ன இருக்க வேண்டும், யார் சமைக்க வேண்டும் என்று வெளியாட்கள் முடிவு செய்த வரலாறு அவர்களுக்கு உண்டு. 1948-க்கும் 1952-க்கும் இடையே, பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கே தெரியாமல் அவர்கள்மேல் சத்துணவு ஆய்வுகள் நடந்தன, அதில் மாவும் ஒரு ஆய்வுப் பொருள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் அம்மாவோ மாமாவோ அந்தப் பள்ளிகளில் ஒன்றில் இருந்திருக்கலாம்.

வெள்ளை மாவும் கொழுப்பும் சர்க்கரை நோய்க்கு நல்லதில்லை என்பதை நான் மறைக்கச் சொல்லவில்லை. 2007-ல் கனடா அரசு பூர்வகுடி மக்களுக்காக வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே பேனக் இருக்கிறது, ஒரு பரிமாறல் 35 கிராம் என்று. மேலே சொன்ன 3 கப் ரொட்டியில் அப்படிப் பதினைந்துக்கு மேல் வரும், அதைச் சொன்னாலே பலருக்குக் கணக்குப் புரியும். எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் சுடுவது, பாதி மைதாவுக்குப் பதில் முழுக்கோதுமை மாவு, கூடவே ஜாமுக்குப் பதில் மீனோ மூஸ் குழம்போ, இவையெல்லாம் அவர்களே ஏற்கெனவே செய்து பார்க்கிற மாற்றங்கள்தான். முதலில் ‘உங்கள் வீட்டில் யார் சுடுவார்கள், எப்படிச் சுடுவார்கள்’ என்று கேளுங்கள், மீதிப் பேச்சு அதிலிருந்து வரும்.

என் மருமகன் கிரீ இனத்தவர். அவருடைய பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர் சுடும் பேனக்கை என் பேத்தி கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் சம்பந்தியம்மாவும் நானும் ஆசைப்படுகிறோம். அளவு கேட்டால் ‘பார்த்தால் தெரியும்’ என்கிறார். எப்படி எழுதி வைப்பது?
– வாசகி, சாஸ்கட்டூன்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் சேர்ந்து இதை நினைத்திருக்கிறீர்களே, பேத்தி கொடுத்து வைத்தவள்.

மருமகனின் பாட்டியிடம் அளவு கேட்பதை நிறுத்துங்கள். அவர் மறைக்கவில்லை, அவருக்கு அளவு கையில் இருக்கிறது, வாயில் இல்லை. அவர் தொடங்குவதற்கு முன் மாவு டப்பாவையும் லார்டையும் தண்ணீர்க் குடுவையையும் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள், அவர் முடித்த பிறகு மறுபடி எடை போடுங்கள், வித்தியாசம்தான் அளவு. இடையில் அவரைத் தடுக்கவே வேண்டாம். வேறு வேறு நாட்களில் இப்படிச் செய்தால் அளவு கொஞ்சம் மாறி மாறி வரும், அதைச் சராசரி போட்டு ஒன்றாக்காமல் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். எந்த மாவு, எந்தச் சட்டி, ஓவனா அடுப்பா, அன்று மழையா வெயிலா என்பதும் இருக்கட்டும்.

அவர் சம்மதித்தால் கைகளை வீடியோ எடுங்கள். முகத்தைவிடக் கைகள் முக்கியம், அவற்றைவிடவும் அவர் கிரீ மொழியில் முணுமுணுப்பது முக்கியம், அதை உங்கள் மருமகனோ சம்பந்தியம்மாவோ பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுக்கட்டும். அந்த வீடியோவை யார் பார்க்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள், குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்றால் அப்படியே. சமவெளிப் பக்கம் மூத்தவர்களிடம் ஒன்றைக் கற்றுத் தரும்படி கேட்கும்போது புகையிலை கொடுப்பது வழக்கம், சொந்தக் குடும்பத்துக்குள் அது வேண்டுமா என்று மருமகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேத்தியின் கை மாவில் இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாட்டி செய்து காட்டுவதைவிட, பேத்தி செய்யும்போது அவர் ‘போதும், விடு’ என்று கையைத் தட்டிவிடுவாரே, அதில்தான் சமையல் குறிப்பு இருக்கிறது. எப்போது போதும் என்பது எந்த அளவிலும் வராது.

இன்னொன்று, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ‘உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்’ என்று எல்லாரும் ஆசையாகக் கேட்பார்கள், அவர் வயதில் இருப்பவர்களுக்கு அது எளிய கேள்வி இல்லை. கனடாவின் உறைவிடப் பள்ளிகளுக்கு 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள், அம்மாவோடு அடுப்படியில் நிற்க வேண்டிய வயதில் வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்டவர்கள் அவர்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் குழந்தைகளை எடுத்து வேற்றுக் குடும்பங்களில் வளர்த்ததும் நடந்தது. பலர் திரும்பி வந்து அத்தையிடமோ மாமியாரிடமோ பக்கத்து வீட்டாரிடமோதான் இந்த ரொட்டியைக் கற்றார்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள், தோண்ட வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் அவர் ஊரும் அவர் மக்களின் பெயரும் இருக்கட்டும், அதை அவர் கையாலேயே எழுதித் தருவாரா என்று பேத்தி கேட்கட்டும்.

எங்கள் தமிழ்ச் சங்க விழாவில் பேனக் கடை போடலாம் என்று யோசிக்கிறோம். நீங்கள் தந்த குறிப்பை வைத்துச் செய்யலாமா?
– வாசகர், வான்கூவர்

வீட்டில் செய்து சாப்பிடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள். விற்பதற்கு வேண்டாம். உங்கள் ஊரிலேயே 2010 முதல் ‘சாமன் அண்ட் பேனக்’ என்ற பூர்வகுடி உணவகம் நடக்கிறது, தேசியப் பூர்வகுடி மக்கள் தினமான ஜூன் 21 அன்று நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போனால் பேனக் சுட்டு விற்கும் குடும்பங்களையும் பார்க்கலாம். அவர்களில் ஒருவரை அழைத்துக் கடை கொடுங்கள், கட்டணம் வாங்காதீர்கள், அவர்கள் சொல்லும் விலைக்கு விற்கட்டும். பலகையில் அவர்கள் பெயரும் அவர்கள் இனத்தின் பெயரும் தமிழிலும் இருந்தால் நன்றாக இருக்கும். சரியான உச்சரிப்பை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.