கதவுக்கு மீட்டரா, சென்டிமீட்டரா?

வணக்கம் ஐயா,

செம்பூரில் வசிக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘வீட்டுக் கதவின் உயரத்தை எந்த அலகில் அளப்பாய்?’ என்ற கேள்விக்குச் சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள். மீட்டர்தான் சரி என்று அடித்துவிட்டார்கள். சென்ற மாதம் புது ஃபிரிட்ஜ் வாங்கும் முன் நானும் அவளும் கதவைச் சென்டிமீட்டரில்தான் அளந்தோம். “அப்போது நாம் அளந்தது தவறா அம்மா?” என்கிறாள். என்ன சொல்வது? இன்னொன்று: இங்கே எல்லோரும் அடி, அங்குலம் என்றே பேசுகிறார்கள். அதையும் இப்போதே சொல்லித் தரலாமா?

ஒரு வாசகி, மும்பை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அளந்தது சரி. அதை முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள். தன் கையால் அளந்து அறிந்ததை ஒரு குழந்தை சிவப்பு மையைப் பார்த்துச் சந்தேகிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி கேட்டவரின் நோக்கம் புரிகிறது. செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு உள்ள தூரத்தை யாரும் சென்டிமீட்டரில் சொல்வதில்லை. பெரியதற்குப் பெரிய அலகு என்ற உணர்வு குழந்தைக்கு வேண்டும்தான். ஆனால் பொருளின் பருமன் மட்டும் அலகைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வித்தியாசம் வந்தால் நம் காரியம் கெடும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஃபிரிட்ஜ் வாசலில் நுழையுமா என்று பார்க்கும்போது இரண்டு சென்டிமீட்டர் போதும், காரியம் கெட. முழு மீட்டராகத் திருத்தி ‘2 மீட்டர்’ என்றால், அந்தக் கதவு ஒன்றரை மீட்டருக்கும் இரண்டரை மீட்டருக்கும் இடையில் எவ்வளவாகவும் இருக்கலாம். 2.05 என்று எழுத அவளுக்குத் தசமப் புள்ளி இன்னும் தெரியாது. அவள் அறிந்த எண்களைக் கொண்டு கதவைச் சரியாகச் சொல்ல 205 சென்டிமீட்டர் என்பதே வழி. கட்டட வரைபடம் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே எழுதுகிறார்கள். மூன்று மீட்டர் சுவர் அங்கே 3000. புள்ளியே இல்லாததால் அது இடம் மாறிப்போகும் அபாயமும் இல்லை.

வாங்கிய ஃபிரிட்ஜையே அவளுக்குப் பாடமாக்குங்கள். நான்கு பேருக்கு அது போதுமா என்று பார்க்க லிட்டர். மூலையில் அடங்குமா என்று பார்க்கச் சென்டிமீட்டர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடி ஏற்றுகிறவர்களுக்குக் கிலோ. மின்கட்டணத்துக்கு, நட்சத்திர முத்திரையில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட். ஒரே பெட்டியை இத்தனை விதமாக அளக்கிறோம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேவைக்கு. இது புரிந்த குழந்தைக்கு அலகுகளின் பட்டியலை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

சமையலறைக்கும் அழைத்துப் போங்கள். அரிசியைக் கடையில் கிலோவில் வாங்குகிறோம்; படியில் அளந்தால் தலை தட்டுவதிலும் குலுக்குவதிலும் அளவு மாறும், காசு போகும். வீட்டில் அதே அரிசிக்கு டம்ளர் போதும். இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்றால் விகிதம்தான் முக்கியம். எந்த டம்ளர் என்பது பொருட்டல்ல. ஆனால் காய்ச்சல் மருந்து வந்துவிட்டால் அங்கே டம்ளருக்கும் கரண்டிக்கும் இடமில்லை. 5 மில்லி என்றால் 5 மில்லிதான். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியில் அவள் கண் முன்னாலேயே ஊற்றிக் காட்டுங்கள்.

ஆசிரியரிடம் மதிப்பெண்ணுக்காக வாதாட வேண்டாம். எதற்காக அளக்கிறோம் என்பதைக் கேள்வியிலேயே ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசிரியர் அதை விரும்புவார்.

அடி, அங்குலம் பற்றி: சொல்லித் தரலாம், சென்டிமீட்டர் கைக்குப் பழகிய பிறகு. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இலேயே வந்தும், மும்பையில் வீட்டின் விலை சதுர அடியில்தான் பேசப்படுகிறது. ஒட்டுப்பலகையை எட்டுக்கு நாலு அடி என்று கேட்டு வாங்குகிறோம். அதன் தடிமனோ 18 மில்லிமீட்டர். தச்சர் ‘ஒரு சூத்’ குறைக்கச் சொன்னால் அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு இரண்டும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு அளவும் அச்சிட்ட டேப் ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரே மேசையை இரண்டு விதமாகவும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்ற கணக்கு இப்போது வேண்டாம். தசமம் படித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்.