நான்கு சட்டம் போய் ஒன்று வந்தது: இலங்கைத் தமிழர் முகாம் மக்களுக்கு என்ன மாறியது?

கே: வெளிநாட்டவர் சட்டங்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டார்களாமே, புதிதாக என்ன இருக்கிறது? (வாசகர், ஈரோடு)

ப: 'குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025'ஐத்தான் சொல்கிறீர்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்கள் ரத்தாயின. முதல் மூன்றும் வெள்ளைக்காரர் காலத்தவை. ஆனால் சரக்கில் பெரும்பகுதி பழையதுதான். 'நான் வெளிநாட்டவன் அல்ல' என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போதும் சம்பந்தப்பட்டவர் தலையில்தான்.

அபராதம்தான் எகிறியிருக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணத்துக்கு 2 முதல் 7 ஆண்டு சிறை, 1 முதல் 10 லட்சம் அபராதம். போலி பாஸ்போர்ட்டுக்கு முன்பு 8 ஆண்டு வரை சிறை இருந்தது. அது ஓர் ஆண்டு குறைந்திருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. விமான நிலையங்களில் பாஸ்போர்ட், விசாவைச் சோதிக்கும் குடிவரவுப் பணியகம் இதுவரை நிர்வாக ஏற்பாடாகவே இயங்கிவந்தது; அதற்குச் சட்ட அடித்தளம் கிடைத்திருப்பதும் புதிது.

கே: 1990ல் இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் எங்களுடையது. விலக்கு ஆணை வந்துவிட்டது, இனி குடியுரிமை கிடைத்துவிடும் என்கிறார்கள். உண்மையா? என் மகள் 2010ல் முகாமில் பிறந்தவள். அண்ணி 1986ல் மண்டபத்தில் பிறந்தவர். (வாசகர், கும்மிடிப்பூண்டி)

ப: இல்லை. சட்டத்தோடு சேர்ந்து வந்த விலக்கு ஆணையின்படி, 9.1.2015 வரை தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவும் செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா நிபந்தனை பொருந்தாது. அதாவது, ஆவணம் இல்லாமல் வந்ததற்காக உங்கள் மீது வழக்கு வராது. அவ்வளவுதான். அதனால் பதிவு அட்டையில் பெயர், பிறந்த தேதி, வந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்; விலக்கு அந்தப் பதிவை நம்பித்தான் நிற்கிறது.

குடியுரிமைக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் தனி. அதில் 'சட்டவிரோதக் குடியேறி' (செல்லத்தக்க ஆவணம் இல்லாமல் வந்தவர்) என்ற வரையறை அப்படியே இருக்கிறது; அதற்குள் வருபவருக்குக் குடியுரிமை கிடைக்காது. 2019ல் அந்த வரையறையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து 31.12.2014க்குள் வந்த ஆறு மதத்தினர் மட்டுமே. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. தண்டனை விலக்கு ஒரு ஆணையில் வந்துவிடும். குடியுரிமை விலக்குக்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். முகாம்களில் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

உங்கள் அண்ணி கதை வேறு. 26.1.1950 அன்றோ அதற்குப் பிறகோ, 1.7.1987க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022ல் உத்தரவிட்டது. அண்ணி கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் தாமதப் பதிவுக்கு முதலில் அலையுங்கள். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழிப் பதிலை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போவது கஷ்டம்.

1.7.1987 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 3.12.2004 முதல் இன்னும் கடுமை: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உங்கள் மகள் இந்த வரம்பில் வருகிறாள். நீங்கள் இருவரும் இலங்கைக் குடிமக்கள் என்றால் பிறப்பால் குடியுரிமை இல்லை.

கே: சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். வெளிநாட்டவர் ஒரு நாள் தங்கினாலும் தகவல் தர வேண்டுமா? (வாசகர், ராமேஸ்வரம்)

ப: ஆம், ஒரு இரவுக்கும். வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களை அறை கொடுக்கும்போதே நகலெடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விருந்தாளி கிளம்பிப்போன பிறகு விசா எண்ணைத் தேடிப் பயனில்லை.