கேமரா அணைந்திருக்கிறது, பிள்ளை வகுப்பில் இருக்கிறானா?

ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளை ஆன்லைன் பள்ளியில் படிக்கவைப்பது பற்றிப் பெற்றோர் அனுப்பிய கேள்விகள் இம்முறை. ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தைத்தான் தொட்டுச் செல்கின்றன. பாடம் நடத்துவதை ஆன்லைன் பள்ளி பார்த்துக்கொள்கிறது. வழக்கமான பள்ளி சத்தமில்லாமல் செய்துவந்த மற்ற வேலைகளில் எவையெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும்? சேர்க்கைக் கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியது இதுதான்.

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். நாங்கள் பார்த்துவைத்திருக்கும் ஆன்லைன் பள்ளியின் விளம்பரத்தில் 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று இருக்கிறது. இதை நம்பிச் சேர்க்கலாமா?

அந்த ஒரு வரியை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். 'அங்கீகாரம்' என்ற சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்களை அடைத்து விற்கிறார்கள்.

முதலாவது, பள்ளியின் தரத்தை வெளியார் யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்பது. இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆன்லைன் பள்ளிகளுக்கென்றே கல்வித் துறையின் அங்கீகாரத் திட்டம் உண்டு. ஆனால் அதில் சேர்வது பள்ளியின் விருப்பம். ஆகவே 'இங்கிலாந்துப் பள்ளி' என்பதும் 'அங்கே அங்கீகரிக்கப்பட்ட பள்ளி' என்பதும் ஒன்றல்ல. பள்ளியின் தளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரைப் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் தளத்துக்கு நீங்களே போய் அதன் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தேடுங்கள்.

இரண்டாவது, சான்றிதழ் யாருடையது என்பது. பல ஆன்லைன் பள்ளிகள் பாடம் மட்டும்தான் நடத்துகின்றன. பொதுத்தேர்வை உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு தேர்வு மையத்தில் தனித்தேர்வராக எழுத வேண்டியிருக்கும். மையத்தைத் தேடுவது, பெயர் பதிவது, தனிக்கட்டணம் கட்டுவது எல்லாம் உங்கள் தலையில். மே, ஜூன் மாதத் தேர்வுக்கான பதிவு பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். எல்லா மையங்களும் தனித்தேர்வரைச் சேர்ப்பதில்லை, சேர்க்கும் மையமும் எல்லாப் பாடங்களையும் நடத்துவதில்லை. அதிகம் சிக்கல் வருவது செயல்திட்டம், மொழிப்பாட வாய்மொழித் தேர்வு, ஓவியம் போன்ற பாடங்களில்தான். பாடத்தை இரண்டு வருஷம் படித்துவிட்டு, எழுத இடமில்லை என்று கடைசியில் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டம். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நேரில் போவது கட்டாயம். வேறு நாட்டு ஆன்லைன் பள்ளியில் சேர்த்துவிட்டேன் என்பது அங்கே பதிலாகாது. சில நாடுகளில் வீட்டுக்கல்வி என்று பதிவு செய்தால் போதும்.

பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்றே வரி: சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? தேர்வு எந்த மையத்தில்? பதிவு செய்வது நீங்களா, நாங்களா? இதற்குத் தொலைபேசியில் அழைத்து விளக்குகிறோம் என்று பதில் வந்தால், எழுத்தில்தான் வேண்டும் என்று ஒரு முறை கேளுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அந்தப் பள்ளியை விட்டுவிடலாம்.

கேள்வி: நேரலை வகுப்பா, பதிவு செய்த பாடங்களா? எது நல்லது?

பதினான்கு, பதினைந்து வயதில் நேரலைதான். பதிவுப் பாடங்கள் பார்க்க வசதிதான். ஆனால் ஐம்பது நிமிடப் பாடத்தை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்துப் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். வாரத்தில் மூன்று வகுப்பைத் தள்ளிப்போட்டாலே ஞாயிற்றுக்கிழமையில் நாலு மணி நேரம் கடனாக நிற்கும். இரண்டு ஞாயிறு தாண்டினால் பிள்ளை அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடும்.

விளையாட்டுக்காக ஆன்லைன் பள்ளிக்கு மாறுகிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., ஆசிரியருக்கும் மாணவருக்கும் தொடர்ந்து பேச்சுவார்த்தை இருக்கும் ஆன்லைன் பாடங்களைத்தான் தகுதிக்கு எடுத்துக்கொள்ளும். வீடியோ பார்த்து வினாடிவினா முடிப்பது மட்டுமே பாடம் என்றால் அங்கே செல்லாது.

நேரலை என்று முடிவானால் கால அட்டவணையை உங்கள் ஊர் நேரத்தில் கேட்டு வாங்குங்கள். ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் தள்ளிவைப்பார்கள். பள்ளி இந்த இரண்டில் ஒன்றிலும் நீங்கள் மற்றொன்றிலும் இருந்தால், நடுவில் இரண்டு மூன்று வாரம் வகுப்பு ஒரு மணி நேரம் முன்பின்னாக வரும். அந்த வாரங்களில்தான் வருகைப் பதிவில் ஓட்டை விழும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மகன் கேமராவை அணைத்தே வைத்திருக்கிறான். பள்ளியும் அதை அனுமதிக்கிறது. வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. ஆனால் மாதத் தேர்வில் மதிப்பெண் சரிகிறது. என்ன நடக்கிறது?

வருகைப் பதிவு எண்ணுவது உள்நுழைவை. உள்ளே நுழைந்துவிட்டு வேறு சாளரத்தில் விளையாட்டைத் திறந்தாலும் நூறு சதவீதம்தான். கேமராவைக் கட்டாயப்படுத்தினால் முகம் தெரியும், அவ்வளவுதான். மாணவரின் தனியுரிமை கருதியும் இணைய வேகம் கருதியும் பல பள்ளிகள் அதை வலியுறுத்துவதில்லை. அதில் தப்பும் இல்லை.

பார்க்க வேண்டிய தடயங்கள் வேறு. பள்ளியின் தளத்தில் பெற்றோருக்குத் தனிக் கணக்கு இருக்கும் (இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், மறுத்தால் அதுவே பெரிய குறை). அதில் ஒப்படைப்புகளைச் சமர்ப்பித்த நேரத்தைப் பாருங்கள். எல்லாமே இரவு 11:40, 11:52 என்று கடைசி நிமிடத்தில் போயிருந்தால் பகலில் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். பிறகு குறிப்பேடு. தேதி போட்டு, பாதியில் திருத்தி, ஓரத்தில் கேள்விக்குறி போட்ட குறிப்பு வகுப்பில் எழுதியது. ஒரே மையில், ஒரே சீராக, திருத்தமே இல்லாமல் நாலு பக்கம் இருந்தால் பின்னால் உட்கார்ந்து காப்பியடித்தது. வகுப்பு அரட்டைப் பெட்டியில் அவன் பெயரில் வாரத்துக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்கலாம்.

தினமும் ஐந்து நிமிடம், குறிப்பேட்டை மூடிவைத்து, இன்று நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. திணறும் இடம் காதிலேயே விழும்.

வேவு மென்பொருள் வேண்டாம். இரண்டே வாரத்தில் அதைச் சுற்றிப் போகும் வழியைக் கண்டுபிடித்துவிடுவான். நம்பிக்கை போனதுதான் மிச்சம். அதைவிட எளியது: படிப்பு மேசையைப் படுக்கையறையிலிருந்து எடுத்து, ஆட்கள் நடமாடும் இடத்தில், திரை வழியைப் பார்க்கும்படி போடுங்கள். பள்ளிக்கென்று உலாவியில் தனிக் கணக்கு, அதில் அறிவிப்புகள் எல்லாம் அணைப்பில். கைபேசி வேறு அறையில் சார்ஜில்.

அப்பா, அம்மா இருவரும் காலை எட்டுக்குப் போய் மாலை ஏழுக்குத் திரும்புகிற வீடு என்றால், எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இது பெரும்பாலும் ஓடாது. குரல் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பதினேழு வயதில் கதை வேறு.

கேள்வி: இயற்பியல், வேதியியல் செய்முறைக்கு என்ன செய்வது? கணினியில் செய்துகாட்டினால் போதும் என்கிறார்கள்.

கணினிச் சோதனைகள் வீண் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் போன்ற இலவச மாதிரிகள், எதை மாற்றினால் எது மாறும் என்ற உறவைப் பள்ளி ஆய்வகத்தைவிடத் தெளிவாகவே காட்டும். கைப்பழக்கத்தைத்தான் அவற்றால் தர முடியாது.

தரம்பார்த்தலை (டைட்ரேஷன்: ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவை அளப்பது) எடுத்துக்கொள்வோம். திரையில் பியூரெட் என்ற அளவுக்குழாயின் திருகைச் சொடுக்கினால் திரவம் ஒழுங்காக இறங்கி, நிறம் மாறியதும் நிற்கும். ஆய்வகத்தில் திருகுக்குக் கீழே முனையில் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருக்கும். நடுவில் அது வெளியேறினால் அளவு தப்பும். ஊற்றிய புனலை மேலேயே மறந்துவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் சொட்டு பிறகு உள்ளே விழும். கண்ணைத் திரவத்தின் வளைந்த மேற்பரப்பின் அடிமட்டத்துக்கு நேராக வைக்காமல் மேலிருந்து பார்த்தால் அளவு மாறும். 24.35 மி.லி. என்று 0.05 வரை படிக்கக் கை பழகியிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. (பத்தாம் வகுப்பு அளவிலான தேர்வு) அறிவியல் பாடங்களில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வாக வரும் மாற்றுத் தாள் ஒன்று உண்டு. தனித்தேர்வர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அதிலும் இந்த மாதிரிப் பிழைகளைத்தான் கேட்பார்கள், கருவியைத் தொட்டவருக்குப் பதில் சட்டென்று வரும். இங்கிலாந்தின் ஏ லெவல் (பன்னிரண்டாம் வகுப்பு அளவிலான தேர்வு) அறிவியலில் செய்முறைத் தேர்ச்சி மதிப்பெண்ணோடு சேராமல் தனியாகக் குறிக்கப்படுகிறது. சில பல்கலைக்கழகப் படிப்புகள் அதைக் கேட்கும்.

வருஷத்துக்கு சில நாட்கள் சேர்ந்தாற்போல் ஆய்வக முகாம் நடத்தும் பள்ளியாகப் பாருங்கள். அமிலத்தை வாங்கி வீட்டில் செய்துபார்க்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையம் எவ்வளவு வேகம் வேண்டும்?

ஒரு பிள்ளைக்கு, ஒரு தெளிவான காணொலி வகுப்புக்கு ஏறவும் (அப்லோட்) இறங்கவும் (டவுன்லோட்) நொடிக்கு 3 மெகாபிட் இருந்தால் போதும். இறங்குவதற்கு மட்டும் மணிக்கு 1.35 ஜி.பி. வரை செலவாகும். ஐந்து மணி நேரம் என்றால் ஏறக்குறைய 7 ஜி.பி. விளம்பரத்தில் வரும் பெரிய எண் இறங்கும் வேகம். பிள்ளை பேசும்போது ஆசிரியருக்குக் குரல் உடைகிறது என்றால் குறை ஏறும் வேகத்தில். இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபைதான் பல வீடுகளில் குற்றவாளி, ஒரு கேபிளை நேராக மடிக்கணினியில் செருகினால் தீர்ந்துவிடும். கைபேசி ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே ஒரு முறை இணைத்துக் கடவுச்சொல்லைச் சேமித்து வையுங்கள். தேர்வு நடுவில் தேடாதீர்கள்.

கேள்வி: மகள் எல்லாப் பதிலையும் தட்டச்சு செய்தே அனுப்புகிறாள். நல்ல மதிப்பெண். பொதுத்தேர்வு மட்டும் கையால் எழுத வேண்டுமாம். பயிற்சி தேவையா?

கட்டாயம் தேவை, அதுவும் தேர்வுக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே. தட்டச்சில் எழுத்துப்பிழையைக் கணினி திருத்திவிடுகிறது, பத்தியை மேலே கீழே நகர்த்தலாம். தாளில் முதல் வரியிலேயே யோசனை முடிந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாம் மணியில் விரல் வலித்து எழுத்து பெரிதாகிக் கோணும். வாரம் ஒரு பதிலை 25 நிமிடம் கையால் எழுதுவதில் தொடங்குங்கள். மாதாமாதம் கூட்டி, கடைசி மூன்று மாதம் வாரம் ஒரு முழுத்தாள்.

கணக்கில் இன்னொரு ஆபத்து. கணினி திருத்தும் வினாடிவினா விடையை மட்டும் பார்க்கும். பொதுத்தேர்வில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு, விடை தவறினாலும் அது கிடைக்கும். இரண்டு வருஷம் விடையை மட்டும் தட்டிய பிள்ளை வழிமுறை எழுதும் பழக்கத்தை இழந்திருக்கும். வாரம் ஒரு முறையாவது கையால் போட்ட கணக்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாளைத் தட்டையாக வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். நேர் மேலே விளக்கு இருந்தால் கையின் நிழல் விழும். பென்சில் வரைபடம் வெளிறித் தெரியும், அழுத்தி வரையச் சொல்லுங்கள். எட்டுப் பக்கத்தை எட்டுப் படமாக அனுப்பாமல் வரிசைப்படுத்தி ஒரே பி.டி.எஃப்.

எழுத்து வேகம் குறைவு, கற்றல் குறைபாடு என்று தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு: அன்றாட வகுப்பிலும் அந்த உதவியோடுதான் படிக்கிறது என்ற சான்றைத் தேர்வு மையம் கேட்கும். ஆன்லைன் பள்ளி அதை எழுதித் தருமா, மையம் அதை ஏற்குமா என்று சேரும்போதே கேளுங்கள்.

கேள்வி: கண் கெட்டுவிடாதா?

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, எரிச்சல் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் எதையாவது 20 நொடி பார்க்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக்கு அதைவிட முக்கியம் பகல் வெளிச்சத்தில் தினம் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது.

கேள்வி: பள்ளியில் கேலி தாங்காமல் மகளே ஆன்லைன் கேட்கிறாள்.

மாற்றுங்கள், ஆனால் அதை மருந்து என்று நினைக்காதீர்கள். கேலி நிற்கும், பயம் கூடவே வரும். வாரத்தில் இரண்டு நாளாவது சம வயதுப் பிள்ளைகளோடு நேரில் கூடும் ஏதாவது ஒன்று, பாட்டோ பந்தோ, சேர்க்கை நாளிலேயே ஏற்பாடாகியிருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்றால் பிறகு வராது.

கேள்வி: ஒரு வருஷம் பார்த்துவிட்டு வழக்கமான பள்ளிக்குத் திரும்ப நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஒப்பந்தத்தில் விலகல் அறிவிப்புக் காலத்தைப் பாருங்கள். ஒரு முழுப் பருவம் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அடுத்த பருவக் கட்டணமும் கேட்கும் பள்ளிகள் உண்டு. புதிய பள்ளி மாற்றுச் சான்றிதழும் பருவவாரி மதிப்பெண்ணும் கேட்கும். பலர் மறப்பது பாட அலகுகளின் பட்டியலை. கணக்கில் எந்தெந்த அலகு முடிந்தது என்று தெரிந்தால்தான் எந்த வகுப்பில் போடுவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். விலகல் கடிதம் போனபின் தளத்தில் உங்கள் கணக்கை மூடிவிடக்கூடும். மதிப்பெண், வருகை, திருத்திய தாள்கள், ஆசிரியர் குறிப்புகள் எல்லாவற்றையும் தரவிறக்கி வைத்துக்கொண்டு, அதன்பிறகு கடிதத்தை அனுப்புங்கள்.