பூநாரையை எழுப்பின பிள்ளைக்கு

வணக்கம் அண்ணா,
நான் தென்மராட்சி. ஏ.எல் பயோ செய்தனான், மெடிசினுக்கு இசட் ஸ்கோர் காணாது. சூவோலஜி படிச்சு பறவை ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில "குருவி பாத்துச் சோறு தின்னேலுமோ" எண்டு கேக்கினம். வேலை இருக்கா அண்ணா? நல்ல கேமரா வேணுமா? போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட நாவற்குழிப் பக்கம் போனம், கையைத் தட்ட பூநாரை எல்லாம் ஒண்டா எழும்பிச்சுது, வீடியோவுக்கு நல்ல லைக்ஸ். அனுப்பியிருக்கிறன், பாருங்கோ.
- ஒரு வாசகி

அன்பான பிள்ளைக்கு,

உம்மட கடிதம் வந்த அண்டைக்கு நானும் நாவற்குழிப் பாலத்தைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், அதால உடன எழுதுறன்.

வேலை கம்பஸில, வனசீவராசிகள் திணைக்களத்தில எண்டு கொஞ்சம் இருக்கு, கனக்க இல்லை. கேமரா வேண்டாம், ஒரு பைனாகுலர் காணும். வீட்டாரோட நீர்தான் கதைக்கவேணும்.

வீடியோ பாத்தன். ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீர்? பூநாரை தலையைக் கவிட்டு சேத்துத் தண்ணியை அரிச்சு அரிச்சு மணித்தியாலக் கணக்கா மேஞ்சாத்தான் அதுக்கு வயிறு நிரம்பும். நீர் ஒருக்காத் தட்டினா சாப்பாடும் போச்சு, சேர்த்த கொழுப்பும் பறந்ததில போச்சு, பிறகு அடுத்த குறூப் வந்து தட்டும், அதுக்குப் பிறகு ஒருத்தன் ட்ரோன் விடுவான். பூநாரைக்குப் பக்கத்தில கால்தூசி மாதிரி ஓடித்திரிஞ்ச சின்னக் கரைப்பறவை, அந்த உள்ளானை நீர் வீடியோவில கவனிக்கவே இல்லை. அதில ஒரு இனம் இருவத்தஞ்சு கிராம் வரும், ஆர்க்டிக்கில முட்டை போட்டுட்டு இஞ்ச வாறது, சித்திரை மட்டில திரும்பிப் போக உடம்பில கொழுப்பு வைக்கவேணும். அதையும் சேத்துத்தான் எழுப்பினனீர். மன்னாரில கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின்ர ஆக்கள் செய்மதிக் கருவி பூட்டி விட்ட கடற்காகம் ருஷ்யாவின்ர ஆர்க்டிக் கரை மட்டும் போனது. அவ்வளவு தூரம் போற சீவனுக்கு ஒரு நேரச் சாப்பாடு எண்டா என்னெண்டு யோசியும்.

எங்களுக்குப் படிப்பிச்ச ஒரு சயன்ஸ் மாஸ்ரர் இருந்தவர். சனிக்கிழமை விடிய சைக்கிளில தொண்டைமானாத்துக்குப் போவார், ஒரே இடம், ஒரே நேரம், என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கூழைக்கடா எத்தினை, ஊசிவால் வாத்து எத்தினை, தண்ணி எவ்வளவு எண்டு சிஆர் கொப்பியில எழுதுவார், ஒண்டும் வராத நாளும் "இல்லை" எண்டு எழுதுவார். எனக்கு அலுப்படிக்கும். 1995 ஒக்டோபர் 30 ஆமி வருகுதெண்டு யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட இரவு மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தில நாங்கள் அசையேலாமல் நிண்டம், அவர் வயசுபோன தாயை சைக்கிளில இருத்தி வைச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்தில நிண்டவர். விடியேக்க கடனீரேரிப் பக்கம் பாத்து "உள்ளான் வந்திட்டுது, கொப்பியை விட்டிட்டு வந்திட்டன்" எண்டார். பிறகு போய்ப் பாத்தா வீடும் இல்லை, கொப்பியும் இல்லை. பதினொரு வருசக் கணக்கு. இண்டைக்கு ஆராவது தொண்டைமானாத்தில பறவை குறைஞ்சிட்டுது எண்டு சொன்னா எனக்கு நெஞ்சு அடைக்கும், குறைஞ்சுதெண்டு காட்ட எங்கட கையில என்ன இருக்கு?

பறவையள் வாற சுண்டிக்குளத்தை 1938 இல சரணாலயம் எண்டாங்கள், 2015 இல தேசியப் பூங்கா எண்டாங்கள், நல்லது, ஆனா போர்ட் எண்ணாது பிள்ளை, ஆள்தான் எண்ணவேணும். பேராசிரியர் சரத் கொட்டகம சிங்கராஜாக் காட்டில புலுனிக் கூட்டமும் கரிச்சானும் மற்றக் குருவியளும் ஒண்டாச் சேந்து இரை தேடுறதை வருசக் கணக்கா எண்ணினவர், அப்பிடி எண்ணினதாலதான் ஆர் முன்னுக்குப் போறது, ஆர் ஆபத்தெண்டாக் கத்திறது எண்டெல்லாம் விளங்கினது. 1987 இல தொடங்கின ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இண்டைக்கும் ஒவ்வொரு ஜனவரியும் நடக்குது, தொண்டர்கள்தான் எண்ணினம். நீர் லைக் எண்ணிக்கொண்டு இருக்கிறீர்.

ஏசிறன் எண்டு குறை நினையாதையும், ஆசையில்லாத பிள்ளை இப்பிடி எழுதாது. முதல் அந்த வீடியோவை எடுத்துவிடும். சரசாலைக் குருவிக்காடு உம்மட பக்கந்தானே, வாற சனி காலமை ஆறரைக்குப் போய் தூர நிண்டு எண்ணும், அடுத்த சனியும் அதே இடத்தில நில்லும். விலாசம் எழுதும், கொப்பி நான் அனுப்பிறன்.