தந்தைக்குப் பெருந்தமனி வீக்கம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா?

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனி மார்பில் வீங்கிக் கிழிந்ததால் தங்கள் தந்தை இறந்ததைச் சொல்லி, பிள்ளைகளுக்கும் அந்த ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பெருந்தமனியின் வயிற்றுப் பகுதியில் வரும் வீக்கத்துக்குப் புகைபிடித்தலும் முதுமையும் முதன்மைக் காரணங்கள். மார்புப் பகுதி வீக்கத்தில் மரபின் பங்கு பெரிது; ஏறத்தாழ 20 விழுக்காட்டினரின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது இருக்கிறது. மார்ஃபான் நோய்க்குறி என்ற மரபுவழி நோயில், எஃப்பிஎன்1 மரபணு பழுதாவதால் தமனிச் சுவரின் மீள் இழைகளைத் தாங்கும் ஃபைப்ரில்லின் புரதம் குறைபட்டு, ஒவ்வொரு இதயத்துடிப்பின் அழுத்தத்துக்கும் சுவர் சிறிது சிறிதாக விரிந்து, இறுதியில் அதன் உள்ளடுக்கு கிழியக்கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. நெடிய உடல், நீண்ட விரல்கள், இடம் நழுவிய கண்வில்லை ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் இவ்வீக்கத்தை உண்டாக்கும் இன்னொரு மரபணுப் பழுதான ஏசிடிஏ2 பழுது உள்ளவர்களிடம் வெளித்தோற்றத்தில் எதுவுமே தெரியாமல் போகலாம் என்பதால், உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

நீங்களும் உடன்பிறந்தவர்களும் இதய எக்கோ பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் சி.டி. ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையின் திசு மாதிரி மருத்துவமனையில் இருந்தால், மரபணுப் பரிசோதனையை அதிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் ஸ்கேன் இயல்பாக வந்தாலும், வீக்கம் பிற்காலத்தில் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் எடுக்க வேண்டும்.